நிலவு நிலமான வரலாறு

வானில் உலவும் ஒளிப்பொருளான நிலவு, மனிதனின் எண்ணத்தில் எப்போது ஒரு நிலமாக மாறியது? குடியேறவும் வேலியிடவும் தோண்டியெடுக்கவும் உரிய இடமாக அதனை மனிதன் கருதத் தொடங்கியது எவ்வாறு? இவை கதை எழுதுவோருக்கும் திரைப்படம் எடுப்போருக்கும் மட்டுமே உரிய வினாக்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. வரலாறு கற்போரும் ஃபிக்ஹு பயில்வோரும் எதிர்கொள்ள வேண்டிய வினாக்களாக இவை இன்று வளர்ந்து நிற்கின்றன.

2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவதார்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை நம் இளைஞர்கள் பலரும் கண்டிருப்பர். நெடுந்தொலைவில், வேறொரு விண்மீனின் குடும்பத்தில், ஒரு பெருங்கோளைச் சுற்றிவரும் பண்டோரா என்னும் நிலவே அக்கதையின் களம். அங்கே அடர்ந்த காடும் மலையும் அருவியும் உள்ளன. அவற்றை உயிராக மதிக்கும் பழங்குடிகள் வாழ்கின்றனர். மண்ணுக்கடியில் கிடைக்கும் விலைமதிப்பற்ற கனிமத்தைத் தேடிப் பூமியிலிருந்து ஒரு வணிக நிறுவனம், தன் கூலிப்படையுடன் வந்து இறங்குகிறது. கதை கற்பனைதான். ஆனால் காடும் அருவியும் நிறைந்த மலைக்கு ஒரு வணிகக் கம்பெனி படையோடு வந்த செய்தி தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் புதியதன்று. கற்பனை நிலவுகளின் கதை பெரும்பாலும் பூமியில் நடந்தேறிய குடியேற்றங்களின் கதையே என்பதையும், அந்தக் கதைக்கு மாற்றாக நம் மரபு வழங்கக்கூடியது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழைத்தால் வரும் மதி

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் திரிகூட மலையை மேகம் மூடிக்கொள்கிறது. குற்றாலத்தில் அருவி பெருகும். தென்காசி வீதிகளில் சாரல் விழும். இந்தப் பருவத்தில் பிறை வருமாயின், அதனைக் காண்பது இப்பகுதி மக்களுக்கு எளிதன்று. மேகம் மறைத்தால் நடப்பு மாதத்தை முப்பதாக நிறைவு செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இவ்வூர்களில் வெறும் பாடமாக நின்றுவிடாது, நடைமுறையாகவும் இருந்துவந்துள்ளது. திருமறையின் 2:189ஆம் வசனம் பிறைகளை மக்களின் கால அளவைகளாகவும் ஹஜ்ஜின் காலத்தை அறிவிப்பனவாகவும் அறிமுகப்படுத்துகிறது. ஆகவே நமக்கு நிலவு முதன்மையாக ஒரு காலம். இடம் என்னும் எண்ணம் பின்னர் வந்தது.

இப்பகுதியின் இலக்கியமும் நிலவை இடமாகக் காணவில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், இறைவன்மீது காதல் கொண்ட வசந்தவல்லி நிலவை நோக்கிப் பழித்துப் பேசுகிறாள். அவளுக்கு அது எதிரில் நின்று வாதாடத்தக்க ஓர் ஆள், சுடுகின்ற தோழி. அதே நூலில், தான் பிறந்த மலையின் வளத்தைக் குறத்தி பெருமிதத்துடன் விரித்துரைக்கிறாள். வளம் பற்றிய பேச்சு மலைக்கு உரியது. முறையீடு நிலவுக்கு உரியது. இரண்டும் கலக்கவில்லை.

குறவஞ்சி என்னும் வடிவத்தை முஸ்லிம் புலவர்களும் கையாண்டனர் என்பது நாம் அறிந்ததே. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடக்கமாகியுள்ள ஞானமேதை பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானரத்தினக் குறவஞ்சி, சிங்கனும் சிங்கியும் வினாவும் விடையுமாக மெய்ஞ்ஞானம் பேசும் நூலாகும். எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலோ ‘மதியை அழைப்பித்த படலம்’ என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. அங்கே மனிதர் நிலவுக்குச் செல்வதில்லை. அழைப்புக்கு இணங்கி மதி இறங்கி வருகிறது, இறைத்தூதுக்குச் சாட்சியாகிறது. விருந்தினராக, சாட்சியாக வந்து மீளும் ஒரு படைப்பை எவரும் உடைமையாகக் கருத இயலாது.

அளவுகோலாகிய நிலவு

இக்கவிதை நோக்கிற்கு இணையாக நம் அறிவியல் முன்னோரிடம் ஓர் ஆய்வு நோக்கும் இருந்தது. இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள் நிலவொளியைக் குறித்து ஒரு நூலையும், நிலவின் முகத்தில் தெரியும் களங்கம் யாது என்பதைக் குறித்து மற்றொரு நூலையும் எழுதினார். அல்பத்தானி நிலவின் இயக்கத்தைக் கணித்தார். கெய்ரோவில் இப்னு யூனுஸ் கிரகணங்களைப் பதிவு செய்தார்.

இவற்றுள் ஒரு நிகழ்ச்சி தனித்து நினைக்கத்தக்கது. கி.பி. 997ஆம் ஆண்டில் ஒரு சந்திர கிரகணத்தை இரு அறிஞர்கள் முன்னரே பேசி வைத்துக்கொண்டு, இரு வேறு நகரங்களிலிருந்து நோக்கினர். குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரிலிருந்து அல்பீரூனியும், பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் கிரகணத்தின் நேரத்தைக் குறித்தனர். கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஊர்களின் நேரமே வேறுபடுவது. எனவே இரு ஊர்களின் உள்ளூர் நேரங்களுக்கு இடைப்பட்ட வேறுபாட்டைக் கொண்டு அவற்றின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். பூமியை அளப்பதற்கு நிலவை ஒரு கடிகாரமாகப் பயன்படுத்திய இந்த ஒத்துழைப்பில் படையும் இல்லை; பங்காளிச் சண்டையும் இல்லை.

சூரியனையும் சந்திரனையும் மனிதருக்காக வசப்படுத்தித் தந்ததாக இறைமறை கூறுவதைத் ‘தஸ்கீர்’ என்னும் சொல்லால் குறிப்பர். அச்சொல் பயன்கொள்ளும் உரிமையைக் காட்டுகிறதேயன்றி, உடைமையாக்கும் உரிமையைக் காட்டவில்லை. முன்னோரின் ஆய்வு இந்த எல்லைக்குள் நின்று வளர்ந்தது எனலாம்.

1640: ஒரே ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

நிலவில் நிலம் கண்ட கதைகள் எங்கே தோன்றின? கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட ஸாமோஸாத்தா நகரில் பிறந்த லூக்கியன் என்னும் கிரேக்க மொழி எழுத்தாளர், பொய்க்கதைகளைக் கேலி செய்யும் நோக்குடன் ஒரு பெரும் பொய்க்கதை எழுதினார். அதில் நிலவின் அரசன், தன் குடிகளில் ஏழைகளைத் திரட்டி, ஆளில்லாத விடிவெள்ளிக்குக் குடியேற்றம் அனுப்ப முயல்கிறான். சூரியனின் அரசன் அதனைத் தடுக்கிறான். விண்ணில் போர் மூள்கிறது. குடியேற்றங்களால் தன் ஆட்சியைப் பரப்பிய ஒரு பேரரசின் குடிமகனுக்கே இக்கேலி தோன்றக்கூடும்.

அதன்பின் நீண்ட காலம் கழித்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கற்பனை புதிய வேகம் பெற்றது. 1609இலும் 1610இலும் கலிலியோ தொலைநோக்கியின் வழியே நிலவில் மலைகளையும் பள்ளங்களையும் கண்டார். ஒளித்தட்டாகத் தெரிந்தது இப்போது மேடுபள்ளமுள்ள தரையாகத் தெரிந்தது. உடனேயே கெப்ளர், பறக்கும் கலை கைவந்துவிட்டால் நிலவுக்குக் குடியேறச் செல்வோர்க்குக் குறைவிராது என்று கலிலியோவுக்கு எழுதினார். 1634இல், அவர் மறைந்தபின், நிலவுவாசிகளைப் பற்றிய அவருடைய ‘கனவு’ என்னும் நூல் வெளிவந்தது. 1638இல் இங்கிலாந்துப் பாதிரியார் காட்வின் எழுதிய கதையில், பறவைகள் இழுத்துச் செல்ல ஒரு ஸ்பானியர் நிலவை அடைகிறார். அதே ஆண்டில் ஜான் வில்கின்ஸ் என்னும் மற்றொரு ஆங்கிலேயர், நிலவு மற்றோர் உலகமே என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். 1640இல் அதனை விரித்து வெளியிட்டபோது நிலவுக்குச் செல்லும் வழியைப் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்து, அங்கே குடியேற்றம் அமையும் நாளையும் எதிர்பார்த்தார். இவர் பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டியை நிறுவியோருள் ஒருவரானார்.

அதே 1640ஆம் ஆண்டில்தான், முந்தைய ஆண்டில் பெற்ற நிலக்கொடையின் பேரில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1621இல், டச்சுக் கம்பெனியார் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளைக் கைப்பற்றியிருந்தனர். முஸ்லிம்களாகிய அத்தீவுவாசிகளில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர்; அல்லது பட்டினியால் மாண்டனர்; எஞ்சியோர் பலர் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். காலியாக்கப்பட்ட நிலத்தில் வேறிடங்களிலிருந்து கொணர்ந்த அடிமைகளைக் கொண்டு தோட்டங்கள் நடத்தப்பட்டன. கடல்கடந்த நிலமெல்லாம் குடியேறத்தக்க நிலம் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் இயல்பாகிவிட்ட அந்தத் தலைமுறையில், நிலவும் அவ்வாறே எண்ணப்பட்டதில் வியப்பொன்றுமில்லை. தொலைநோக்கி நிலவின் தரையைக் காட்டியது. அந்தத் தரையில் குடியேற்றத்தைக் காணும் கண்ணைக் காலம் தந்தது.

குற்றாலத்தில் ஒரு தோட்டம்

பண்டாவின் ஜாதிக்காய்க்கும் குற்றாலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1796இல் ஆங்கிலேயர் அம்போயினாவையும் பண்டாவையும் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அதுவரை டச்சுக்காரர் பொத்திப் பாதுகாத்துவந்த ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் நாற்றுகளைத் தம் ஆட்சிப்பகுதிகளில் பயிரிட்டு அந்தத் தனியுரிமையை உடைப்பது அவர்களின் திட்டமாயிற்று. பினாங்குத் தீவில் தோட்டங்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்திலும் கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை அமைத்தனர். ஈரமும் நிழலும் நிறைந்த இம்மலைச்சரிவு அம்மரங்களுக்கு ஏற்றதாக அமைந்தது. பாளையங்கோட்டையின் வெள்ளை அதிகாரிகளுக்குச் சாரல் கால ஓய்விடமாகவும் குற்றாலம் ஆயிற்று. குறத்தி தன் மலை என்று பாடிய மலை, நூறாண்டுக்குள் கம்பெனியின் தோட்டமாகவும் துரைமார்களின் உல்லாச இடமாகவும் மாறிய வரலாறு இதுவே.

இந்நிலம் கம்பெனியின் கைக்கு எவ்வாறு வந்தது? ஆர்க்காட்டு நவாபுகளின் பெயரால் வரி தண்டவந்த கம்பெனிப் படைகளை, இன்றைய தென்காசி மாவட்டத்து நெற்கட்டும்செவலின் பூலித்தேவர் 1750களிலேயே எதிர்த்து நின்றார். நவாபின் கடன்களே கம்பெனிக்குக் கதவு திறந்தன. 1801 ஜூலை 31ஆம் நாள் ஒப்பந்தத்தின்படி நவாப் அளீமுத்தவ்லா பெயரளவில் நவாபாக நீடிக்க, கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. அந்த ஆண்டில் நிகழ்ந்த பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். கிழக்கேயிருந்து செடிகள் இங்கு வந்தன. இங்கிருந்து மனிதர்கள் கிழக்கே அனுப்பப்பட்டனர். எது எங்கே வேர்விட வேண்டும், எவர் எங்கே வாழ வேண்டும் என்பதை லண்டனிலிருந்த ஒரு வணிக நிறுவனம் முடிவு செய்தது.

பண்டோரா நிலவின் கதையை எழுதுவதற்கு வேற்றுலகம் எதனையும் கற்பனை செய்யத் தேவையில்லை என்பது இதனால் விளங்கும். பண்டாவும் பினாங்கும் குற்றாலமும் போதும்.

திரும்பிப் பார்த்த கதைகள்

19ஆம் நூற்றாண்டின் முடிவில் இக்கதைகள் தம்மைத் தாமே ஐயுறத் தொடங்கின. 1898இல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ என்னும் நாவலில் செவ்வாய்க்கோளினர் பூமியின்மீது படையெடுக்கின்றனர். தாஸ்மானியத் தீவின் பூர்வகுடிகளுக்கு ஐரோப்பியர் இழைத்த அழிவை அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் நினைவூட்டுகிறார். 1901இல் அவர் எழுதிய ‘நிலவில் முதல் மனிதர்கள்’ கதையில், நிலவுக்குச் செல்லும் இருவரில் ஒருவர் அறிவு நாடும் விஞ்ஞானி. மற்றவர் தங்கத்தையும் இலாபத்தையும் கனவு காணும் வணிகர். பூமியில் மனிதர்கள் நடத்தும் போர்களைப் பற்றி விஞ்ஞானி வாய்விட்டுச் சொல்லிவிட, நிலவின் பேரரசன் அச்சமுறுகிறான்; விஞ்ஞானி பூமிக்கு அனுப்பிவந்த செய்திகள் அத்துடன் அறுபடுகின்றன. அதே 1901இல், அதே லண்டனில்தான், இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு வடிந்து செல்வதைக் கணக்கிட்டுக் காட்டும் தாதாபாய் நவ்ரோஜியின் நூலும் வெளிவந்தது.

‘செல்வ வடிகால்’ என்னும் அக்கருத்து, 1966இல் அமெரிக்க எழுத்தாளர் ஹைன்லைன் எழுதிய நிலவு நாவலில் வேறு உருவில் மீண்டும் எழுகிறது. அக்கதையில் நிலவு ஒரு தண்டனைக் குடியேற்றம். நம் நாட்டார் அறிந்த அந்தமானைப் போன்றது. நாடுகடத்தப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் நிலவின் அடியில் கோதுமை விளைவித்துப் பூமிக்கு அனுப்புகின்றனர். ஒவ்வொரு மூட்டைத் தானியத்தோடும் நிலவின் அரிய நீரும் திரும்பாமல் போகிறது. இறுதியில் அவர்கள் கிளர்ந்தெழுந்து விடுதலையை அறிவிக்கின்றனர்.

இவையெல்லாம் ஆளும் நாடுகளில் எழுந்த கதைகள். ஆளப்பட்ட நாட்டிலிருந்து எழுந்த கனவு ஒன்றையும் இங்கே நோக்குதல் வேண்டும். வங்கத்து முஸ்லிம் பெண்மணியாகிய ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் அச்சேறியது. பெண்கள் கல்வி கற்று ஆளும் ஒரு கற்பனை நாடு அது. மேகத்திலிருந்து நீரைப் பெறவும் சூரிய வெப்பத்தைச் சேமிக்கவும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வழி கண்டுள்ளன. படையெடுத்து வந்த பகைவரைச் சூரிய வெப்பத்தைக் கொண்டே விரட்டுகின்றனர். வியத்தகு செய்தி யாதெனில், இத்துணை ஆற்றல் படைத்தும் அந்நாட்டின் அரசி பிறருடைய நிலத்தையோ மணிகளையோ விரும்புவதில்லை. அறிவுக் கடலில் மூழ்கி முத்தெடுப்பதே அவர்கள் நோக்கம். ஐரோப்பியக் கற்பனை விண்ணிலும் குடியேற்றம் கண்ட காலத்தில், குடியேற்றத்துக்கு உட்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணின் கற்பனை அறிவாற்றலை ஆதிக்கத்திலிருந்து பிரித்துக் காட்டியது.

கொடியும் எல்லைக்கல்லும்

கற்பனை சட்டமாக மாறிய காலம் அடுத்து வந்தது. 1959இல் சோவியத் நாட்டின் லூனா 2 தன் நாட்டுச் சின்னங்களுடன் நிலவில் மோதியது. நிலவு யாருக்கு என்னும் வினா அப்போதே எழுந்துவிட்டது. குடியேற்ற நாடுகளுக்கு விடுதலை வழங்கக் கோரும் ஐ.நா. பொதுச்சபையின் பிரகடனம் 1960 டிசம்பரில் நிறைவேறியது. விண்பொருள்களை எந்நாடும் தன் உடைமையாக்கலாகாது என்னும் கோட்பாட்டை அதே சபை 1963 டிசம்பரில் அறிவித்தது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் அது சட்டமாயிற்று. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று அஞ்சியதும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் நிறைந்த ஒரு மன்றத்தில், புதிய குடியேற்றத்தை நியாயப்படுத்தும் துணிவு எவருக்கும் இருந்திருக்காது. 1969 ஜூலையில் நிலவில் கொடி நட்ட அமெரிக்காவும், அது உரிமை கோரும் செயலன்று எனத் தன் சட்டத்திலேயே எழுதி வைத்தது.

நிலம் எவருக்கும் உரியதன்று, சரி. தோண்டியெடுத்த பொருள்? இன்றைய வழக்கு இதுவே. நிலவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று கூறும் 1979ஆம் ஆண்டின் நிலவு ஒப்பந்தத்தில் இந்தியா 1982இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. அதனை ஏற்றிருந்த சவூதி அரேபியாவின் விலகல் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணில் எடுத்த வளத்தைத் தன் குடிமக்கள் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று 2015இல் அமெரிக்கா சட்டமியற்றியது. வளமெடுத்தல் உடைமையாக்கலுக்குச் சமமன்று என்னும் கருத்தைக் கொண்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூனில் இந்தியாவும் இணைந்தது. நிலவின் மண்ணில் நீரின் அடையாளங்கள் இருப்பதை 2008இல் ஏவப்பட்ட நம் சந்திரயான் 1 கலத்தின் கருவிகள் காட்டியபின், தென்துருவத்துப் பனி பலரின் விருப்பத்துக்குரிய பொருளாகிவிட்டது.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் வியப்பூட்டும் அளவுக்குப் பேசுகின்றன. உரிமையாளரற்ற தரிசு நிலத்தை ‘மவாத்’ என்றும், அதனைப் பண்படுத்தி உயிர்ப்பித்தலை ‘இஹ்யா’ என்றும் குறிப்பர். உயிர்ப்பித்தவருக்கே நிலம் என்பது நபிமொழி வழி வந்த விதி. இதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அனுமதி தேவையில்லை என்பர். ஆனால் வெறுமனே கல் நட்டு எல்லை குறித்தல் ‘தஹ்ஜீர்’ எனப்படும். அது உடைமையைத் தராது. பண்படுத்துவதில் முன்னுரிமையை மட்டுமே தரும். மூன்றாண்டுகள் கழிந்தும் நிலத்தைத் தரிசாக விட்டவருக்கு அந்த முன்னுரிமையும் இல்லை என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. பிலால் இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த பரந்த நிலத்தில், அவரால் பயிரிட இயன்ற அளவை அவரிடமே விட்டு, எஞ்சியதை உமர் (ரலி) மக்களுக்குப் பிரித்தளித்தார்கள். நிலவில் நட்ட கொடியைத் தஹ்ஜீரின் தட்டில் வைத்து நிறுத்தால் அதன் எடை எவ்வளவு என்பதை வாசகர்களே அறிவர்.

இதனினும் நெருக்கமான முன்மாதிரி ஒன்றுண்டு. யமன் நாட்டு மஃரிபின் உப்புச் சுரங்கத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) வேண்ட, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை அவருக்கு வழங்கினார்கள். அது வற்றாத நீரூற்றைப் போன்றது, வருவோரெல்லாம் எடுத்துக்கொள்வது என்று உடனிருந்த ஒருவர் எடுத்துரைத்தபோது, அக்கொடையைத் திரும்பப் பெற்றார்கள். பெருமுயற்சியின்றி வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்களைத் தனியொருவர் உடைமையாக்கலாகாது என்னும் விதியை ஃபுகஹாக்கள் இதிலிருந்து வகுத்தனர். நிலவின் பனி, மஃரிபின் உப்பைப் போன்றதா? அல்லது பெருமுயற்சியால் எடுக்க வேண்டிய மறைகனிமத்தின் விதிக்குள் வருமா? இவ்விரண்டில் எது என்று முடிவு செய்ய நிலவியலும் வேண்டும், உஸூலும் வேண்டும். என் கருத்தில், நீர், மேய்ச்சல், நெருப்பு ஆகியவற்றைப் பொதுவாக்கிய நபிமொழியின் நோக்கம் முதல் விடையின் பக்கமே சாய்கிறது. மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் எழுதினால் இவ்விவாதம் வளம் பெறும்.

நிலவில் நம் பெயர்கள்

நிலத்தைக் கைப்பற்றாமலே நிலவில் இடம்பெற்றோரும் உளர். 1651இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி வெளியிட்ட நிலவு வரைபடத்தில் பள்ளங்களுக்கு வானியல் அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் விட்டமுடைய பெரும்பள்ளம் ஒன்று ‘அல்பத்தேக்னியஸ்’ எனப்படுகிறது. அவர் நம் அல்பத்தானி. ‘அல்ஃப்ரகானஸ்’ அல்ஃபர்கானீ. ‘தேபித்’ ஸாபித் இப்னு குர்ரா. ‘அஸோஃபி’ அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ. ‘அல்மனோன்’ கலீஃபா மஃமூன். சிறு தொலைநோக்கியிலேயே வரிசையாகத் தெரியும் மூன்று பள்ளங்களில் முதலாவது தாலமி. இடையிலுள்ளது காஸ்டில் மன்னர் அல்ஃபோன்ஸோ. மூன்றாவது தொலேதோ நகரின் அஸ்ஸர்காலீ. கிரேக்க அறிவு அரபு வழியே ஐரோப்பாவை அடைந்த வரலாறு அங்கே கல்லில் வரிசைப்பட்டுக் கிடக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி, இப்னு ருஷ்து, இப்னு ஃபிர்னாஸ், இப்னு பதூதா ஆகியோரின் பெயர்களும் சேர்ந்தன.

இவ்வுண்மைகளை அறியாத நம்மிடையே, நிலவைப் பற்றிய வேறு கற்பனைகள் உண்மையின் பெயரால் உலவின. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கொலி கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் செய்தி, பல நாடுகளில் முஸ்லிம்களிடையே பரவியது. அச்செய்தியை அவர் மறுப்பதாக 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு அறிவித்தது. நிலவின் நீண்ட பள்ளக்கோடு ஒன்றின் படத்தைக் காட்டி, நிலவு பிளந்த அடையாளத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர் என்பது மற்றொன்று. அத்தகைய கோடுகள் நிலவில் பல உள்ளன. அவற்றுள் எதுவும் நிலவைச் சுற்றிவளைத்துச் செல்லவில்லை. பெருமானாரின் முஃஜிஸா திருமறையையும் நபிமொழிகளையும் கொண்டு நிலைபெற்றது. பொய்யான சான்று அதற்குத் துணையாகாது, இழிவையே சேர்க்கும். செய்தியை விசாரித்து ஏற்கும் ஹதீஸ்கலையை உலகுக்குத் தந்த சமுதாயம், கேட்டதையெல்லாம் மேடையேற்றுவது முறையன்று.

நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் ‘தஷ்ரீஹுல் அஃப்லாக்’, ‘ஷரஹ் சக்மீனீ’ போன்ற வானியல் நூல்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றின் கணிப்பு முறை பழையதாகிவிட்டது உண்மை. ஆனால் அவற்றை நீக்கிய இடத்தில் புதிய வானியலை வைக்காமல் விட்டது பேரிழப்பாகும். பிறை பற்றிய சர்ச்சைகள் ஆண்டுதோறும் நம் ஊர்களைப் பிரிப்பதற்கு இவ்வெற்றிடமும் ஒரு காரணம்.

அவ்வெற்றிடத்தை நிரப்பும் ஆற்றல் இம்மண்ணுக்கு இல்லாமலில்லை. குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை, 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்து பின்னர் தமிழகத்துடன் சேர்ந்த ஊர். அங்கே பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிலும் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியிலும் பயின்ற நிகார் ஷாஜி அவர்கள், இந்தியாவின் முதல் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 நிலவின் தென்பகுதியில் இறங்கிய பத்தாம் நாளில், செப்டம்பர் 2ஆம் நாள் அக்கலம் ஏவப்பட்டது. ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையத்தை 2024 ஜனவரி 6இல் அது அடைந்தது. சூரியனை அறிந்து பயன்கொள்ளும் பெண்களைச் சென்னை இதழொன்றின் பக்கங்களில் ரொக்கையா கனவு கண்டு 118 ஆண்டுகள் கழிந்து இது நிகழ்ந்தது.

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. அதே வட்டாரத்து அரபுக்கல்லூரிகளில் மவாத்தும் தஹ்ஜீரும் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கப்படுகின்றன. இரு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சில மணி நேரப் பயணமே. அங்கிருந்து ஒரு பொறியாளரும் இங்கிருந்து ஓர் ஆசிரியரும் ஓர் அவையில் அமர்ந்து, நிலவின் பனி மஃரிபின் உப்பா என்று ஆராயும் நாள் விரைவில் வர வேண்டும். அதனை எடுக்கும் இயந்திரங்கள் அங்கே இறங்குவதற்கு முன்னரே வர வேண்டும். ஏனெனில் குற்றாலத்துத் தோட்டம் யாருக்கு உரியது என்னும் வினாவை நம் முன்னோரிடம் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.